நடு ஆசனம் யாருக்கு?

வெளிநாடு போகிறவர்களுக்கு உபதேசம் செய்வது நமக்குப் பரம்பரையாக வந்த கலை. கப்பல் பிரயாணக் காலத்தில், எலுமிச்சங்காய் ஊறுகாயையும் கம்பளிச் சட்டையையும் மறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆகாய விமானத்தில் புறப்படுகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த ஸீட் போட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உபதேசம் ஆரம்பமாகிவிடும். "ஜன்னலோரம் மட்டும் கூடாது; எழுந்து போக முடியாது" என்பார் ஒருவர். "வழியோரமா? சாப்பாட்டு வண்டி முழங்கையைப் பெயர்த்துவிடுமே!" என்பார் மற்றொருவர். மூன்றாமவர் விமானத்தின் படத்தையே கையில் வைத்துக்கொண்டு, எந்த வரிசையில் எந்த எழுத்து உத்தமம், எது மத்திமம், எது அதமம் என்று பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பார்த்துச் சொல்வார்.

பதினைந்து, பதினாறு மணி நேரம் ஒரே இடத்தில் முடங்கிக் கிடக்க வேண்டிய பிரயாணம் அது. அதைப்பற்றிக் கவலைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் இந்தக் கவலை வளர்ந்து வளர்ந்து, இன்று ஒரு சாஸ்திரத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. அதற்கு ஆசன சாஸ்திரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தச் சாஸ்திரத்தின் மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அது பொய்யான சாஸ்திரம் என்று நான் சொல்லவரவில்லை. அது சொல்வதெல்லாம் மெய். அந்த மெய்யைச் சொல்லிச் சொல்லியே, நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றை மறக்கடித்துவிட்டது என்பதுதான் என் வழக்கு.

முதலில் சாஸ்திரத்துக்குச் சேரவேண்டிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன்.

விமானம் குலுங்கினால் வயிற்றைக் கலக்கும் என்று பயப்படுகிறவர்கள் இறக்கைக்கு நேராக உட்கார வேண்டும். விமானத்தின் பாரம் சமன்படும் இடம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. தராசுத் தண்டின் நடுப்பகுதி அதிகம் ஆடாததுபோல அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும். வால்பக்கம் போகப் போக அதிகமாகும். தடுப்புச் சுவரை அடுத்த முதல் வரிசையில் இடம் கிடைத்தால், முன்னால் இருப்பவர் நம் மடியில் வந்து சாய்வார் என்ற பயமில்லை. ஆனால் அங்கே சாப்பாட்டுப் பலகையைக் கைப்பிடிக்குள்ளே மடித்து வைத்திருப்பார்கள். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது. உட்காரும் அகலமும் சற்றுக் குறையும். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. கைக்குழந்தைகளுக்கான தொட்டிலை மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். ஆகவே தூக்கம் அவரவர் பூர்வ புண்ணியத்தைப் பொறுத்தது.

அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் காலை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆபத்துக் காலத்தில் உதவி செய்யத் திடமான உடம்பு உள்ளவர்களுக்குத்தான் அந்த இடம். குழந்தைகளுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் தரமாட்டார்கள். கடைசி வரிசையில் பல விமானங்களில் முதுகுப்பலகை நன்றாகச் சாயாது. போதாக்குறைக்குக் கழிப்பறைக் கதவின் ஓசையும் கியூவில் நிற்பவர்களின் பேச்சும் துணைக்கு வரும். சில ஆசனங்களின் அடியில், எதிரே படம் காட்டும் கருவிக்கான பெட்டி உட்கார்ந்துகொண்டு நம் ஒரு காலுக்கு இடம் தராது. ஜன்னலோர ஆசனம் என்று நம்பிப் போனால், சிலவற்றில் ஜன்னலே இருக்காது, வெறும் சுவர்தான். நான்கு ஆசனங்கள் சேர்ந்த நடுத்தொகுதியில் ஓர ஆசனம் நல்லது என்பது இந்தச் சாஸ்திரத்தின் நுட்பமான சூத்திரம். மூன்று ஆசனத் தொகுதியின் ஓரத்தில் உட்கார்ந்தால் உங்களைத் தாண்டிப் போக இரண்டு பேர் உண்டு. நான்கின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒருவர்தான். மற்றவர் அந்தப் பக்கத்து ஓரக்காரரைத் தொந்தரவு செய்வார்.

இவ்வளவும் உண்மை. நீண்ட பிரயாணம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவையும்கூட. ஆனால் கடைசிச் சூத்திரத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "மற்றவர் அந்தப் பக்கத்து ஓரக்காரரைத் தொந்தரவு செய்வார்!" சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. தொந்தரவு குறைந்ததா? குறையவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுகிறவர் கெட்டிக்காரர்தான். ஆனால் ஊரிலுள்ள எல்லோருமே அந்தக் கலையில் தேர்ந்துவிட்டால் பஸ்ஸில் ஓர் ஆசனமாவது கூடுமா? நிற்கிறவர்களின் எண்ணிக்கைதான் குறையுமா? விமானத்தில் ஆசனம் தேர்ந்தெடுக்கும் வித்தையும் இதே துண்டு வித்தைதான். ஒரே வித்தியாசம், இந்தத் துண்டுக்கு விமானக் கம்பெனி விலை வைத்திருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஜன்னலும் இல்லாமல் வழியும் இல்லாமல் இரண்டு பேருக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும் ஆசனத்தை நடு ஆசனம் என்கிறோம். ஒரு வரிசையில் இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டு ஆசனங்கள் இருந்தால், நடு ஆசனம் இரண்டு. மும்மூன்றாக ஒன்பது போட்டால், நடு ஆசனம் மூன்று. மூன்று, நான்கு, மூன்று என்று பத்துப் போட்டால், நான்கு. அதாவது பத்துப் பேர் வரிசையில் நான்கு பேர் நடுவே நசுங்கித்தான் தீரவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் படத்தைப் பார்த்தாலும், எந்த விரதம் இருந்தாலும், அந்த நான்கு பேரை மூன்றாக்க முடியாது. நாம் தப்பித்தோம் என்றால், நம் இடத்தில் வேறொருவர் மாட்டிக்கொண்டார் என்றே அர்த்தம்.

அந்த வேறொருவர் யார்?

நம் வீடுகளை நினைத்துப் பார்த்தாலே தெரியும். கடல் கடந்து இருக்கும் பிள்ளை, மனைவியின் பிரசவத்துக்காக அம்மாவை வரவழைக்கிறான். டிக்கெட்டுக்கே ஒரு மாதச் சேமிப்புப் போய்விட்டது. "ஆசனம் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம்" என்று கம்பியூட்டர் கேட்கும்போது, போக ஒரு விமானம், வழியில் மாறி ஏற ஒரு விமானம், திரும்பி வர இரண்டு என்று நான்கு தடவை கட்ட வேண்டியிருப்பதைப் பார்க்கிறான். "எப்படியும் ஓர் இடம் தரத்தானே போகிறார்கள்?" என்று விட்டுவிடுகிறான். அவன் எண்ணியதில் பிசகில்லை. இடம் தரத்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் பணம் கொடுத்துப் பொறுக்கி எடுத்ததுபோக மிஞ்சியதைத் தருகிறார்கள்.

ஆக, அறுபத்தெட்டு வயது அம்மாள், இடப்பக்கம் ஓர் அந்நியர், வலப்பக்கம் ஓர் அந்நியர், இருவருக்கும் நடுவே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விளக்கை அணைத்தாகிவிட்டது. வழியோரத்து மனிதர் போர்வைக்குள் குறட்டை விடுகிறார். எழுந்து போக வேண்டுமானால் அவரைத் தொட்டு எழுப்ப வேண்டும். நம் தாய்மார்கள் அதைச் செய்வார்களா? செய்யமாட்டார்கள். எழுந்திருக்கும் அவசியமே நேராமல் இருக்க, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். பணிப்பெண் தம்ளரை நீட்டும்போது, "வேண்டாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். விமான நிலையத்தில் பிள்ளை, "பிரயாணம் சௌகரியமாக இருந்ததா அம்மா?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லை" என்பார்கள். வீங்கின கால்களைச் செருப்புத்தான் காட்டிக்கொடுக்கும்.

இதில் சௌகரியம் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் இத்தனை ஆவேசம் வேண்டாம். உடம்பே சம்பந்தப்பட்டிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்கிறவர்களுக்கு, காலின் ரத்த நாளங்களில் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது அதன் சாரம். விமானத்துக்கு மட்டுமல்ல, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் இது பொருந்தும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை வைக்கும். 6,000 பேரில் ஒருவருக்கு நேரலாம் என்பது அவர்கள் கணக்கு. அது பீதி கொள்ள வேண்டிய எண் அல்ல. ஆனால் அபாயம் யாருக்கு இன்னும் கூடும் என்று அவர்கள் போட்ட பட்டியலைப் பாருங்கள். உடல் பருத்தவர்கள், 1.9 மீட்டருக்கு மேல் வளர்ந்தவர்கள் ஆகியோருடன், 1.6 மீட்டருக்குக் குறைந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். 1.6 மீட்டர் என்பது சுமார் ஐந்தேகால் அடி. நம் தாய்மார்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறார்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1940-இல் ஜெர்மானியர் லண்டன் மாநகரின் மேல் குண்டு பொழிந்தபோது, ஜனங்கள் பாதுகாப்பிடங்களில் பதுங்கி, சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார்கள். குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துத் திடீர் திடீரென்று இறந்துபோனார்கள். கீத் ஸிம்ப்ஸன் என்ற டாக்டர் அந்த வருஷமே 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் இதை எழுதினார். மனித உடம்பை மணிக்கணக்காக நாற்காலியில் மடக்கி வைத்தால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துபோயிற்று. தெரிந்தும், அந்த நாற்காலியை இன்னும் எவ்வளவு சிறிதாக்கலாம் என்றுதான் பிற்காலத்துக் கணக்கப்பிள்ளைகள் யோசித்தார்கள்.

எப்படிச் சிறிதாக்கினார்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.

எகானமி வகுப்பு என்ற பெயர் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலே 1958-இல் அறிமுகமாயிற்று. அந்தக் காலத்தில் விமானக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா, கட்டணத்தைத் தவிர, ஆசனங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியையும் பரிமாற வேண்டிய ஆகாரத்தையும்கூட ஒப்பந்தம் போட்டு நிர்ணயித்தது. எகானமிப் பிரயாணிக்கு எளிய ஸாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவியக் கம்பெனி ஒன்று அந்த ரொட்டியின் மேல் மாமிசத்தையும் மீனையும் கோபுரம்போல் அடுக்கிக் கொடுத்துவிட்டது. அமெரிக்கக் கம்பெனி புகார் செய்தது, விசாரணை நடந்தது, அபராதமும் விதித்தார்கள்! ஒரு ரொட்டித் துண்டுக்காக உலகக் கம்பெனிகள் கூடிப் பஞ்சாயத்துச் செய்த காலம் அது. அதைப் பொற்காலம் என்று நான் புகழமாட்டேன். அந்த ஒப்பந்தங்களின் நோக்கம் கட்டணம் இறங்காமல் பார்த்துக்கொள்வது. சாமானிய ஜனங்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும், பிரயாணிக்கு எவ்வளவு இடம் தரவேண்டும் என்பதற்கு விதி எழுத முடியும் என்பதை அந்தக் காலம் காட்டிவிட்டது.

பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அமெரிக்காவில் 1978-இல் அதற்கென்றே சட்டம் வந்தது. போட்டி பெருகிற்று, கட்டணம் இறங்கிற்று. அது நல்ல காரியம். ஆனால் இறங்கின கட்டணத்துக்கு ஈடாக எதை எடுத்தார்கள்? 1995-இல் பறக்கத் தொடங்கிய போயிங் 777 விமானத்தில் முதலில் ஒரு வரிசைக்கு ஒன்பது ஆசனங்களே வழக்கம். பிற்பாடு கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பத்தாக்கின. பதினெட்டரை அங்குலம் அளவுக்கு இருந்த ஆசனம் ஏறக்குறைய பதினேழு அங்குலமாயிற்று. 2011-இல் வந்த போயிங் 787 விமானத்தில் எட்டுப் போட்டால் சௌகரியமாக உட்காரலாம். பெரும்பாலான கம்பெனிகள் ஒன்பது போட்டுவிட்டன. விமானத்தின் உடல் ஓர் அங்குலமாவது அகன்றதா? இல்லை. மனித உடம்பாவது மெலிந்ததா? அதுவும் இல்லை. இங்கே முன்பு போட்ட கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். எட்டு ஒன்பதானபோது நடு ஆசனம் இரண்டிலிருந்து மூன்றாயிற்று. ஒன்பது பத்தானபோது மூன்றிலிருந்து நான்காயிற்று. புதிதாகச் செருகிய ஒவ்வோர் ஆசனமும் ஒரு நடு ஆசனத்தையே கொண்டுவந்தது.

வேறு வழியில்லை என்று கம்பெனிகள் சொல்வார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் வெளிநாட்டு வழிகளில் ஓடும் 787 விமானங்களில் எட்டோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே வழி இருக்கிறது. விமானம் கட்டும் ஏர்பஸ் கம்பெனி 2013-இல், நீண்ட பிரயாணத்துக்கு ஆசன அகலம் 18 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தது. ஆனால் அதே ஏர்பஸ்ஸின் ஏ350 விமானத்தில் வரிசைக்கு ஒன்பது என்று இருந்ததைப் பத்தாக்கியும் சிலர் ஓட்டுகிறார்கள். வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் அளவை மாற்றித் தைத்துத் தருகிறான். நடுவே உட்காரப் போகிறவனை யாரும் கேட்கவில்லை.

அவன் கேட்கவும் இல்லை! இங்கேதான் ஆசன சாஸ்திரத்தின் மாயம் வேலை செய்கிறது. கம்பெனியைப் பார்த்து, "ஏன் ஐயா என் இடத்தைச் சுருக்கினாய்?" என்று கேட்க வேண்டியவன், தன்னையே நொந்துகொள்கிறான். "முன்னாலேயே பார்த்து நல்ல ஸீட்டாகப் போட்டிருக்க வேண்டும், ஏமாந்துவிட்டேன்" என்கிறான். அடுத்த முறை பணத்தைக் கட்டி ஓரத்து ஆசனத்தைப் பிடித்துவிட்டால், ஜயித்துவிட்டதாக மார்தட்டிக்கொள்கிறான். இருந்ததைப் பிடுங்கி, பிடுங்கியதைத் துண்டு துண்டாக நறுக்கி, அதை நமக்கே விற்கிறார்கள். நாம் அதற்குத் தேர்வு என்று பெயர் வைத்துப் பெருமைப்படுகிறோம்.

கம்பெனியின் மேல் வர வேண்டிய கோபம் அக்கம்பக்கத்தார் மேல் பாய்வதும் இதனால்தான். முன் ஆசனக்காரர் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாமா கூடாதா என்பது இன்று உலகம் முழுவதும் நடக்கும் சண்டை. 2014 ஆகஸ்டில், நியூவார்க்கிலிருந்து டென்வருக்குப் போன விமானத்தில், முன் ஆசனம் சாயாதபடி ஒரு பிரயாணி சிறு பூட்டு ஒன்றை மாட்டிவிட்டார். முன்னால் இருந்த அம்மாள் அவர் மேல் தண்ணீரை வீசினாள். சண்டை முற்றி, விமானத்தையே சிகாகோவில் இறக்கி இருவரையும் வெளியேற்றினார்கள். சாய்கிறவருக்கு முதுகு வலிக்கிறது. பின்னால் இருப்பவருக்கு முழங்கால் இடிக்கிறது. இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு பேருக்கும் விற்றவர் அந்த விமானத்திலேயே இல்லை.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். "மலிவான டிக்கெட் வேண்டும், மகாராஜா ஆசனமும் வேண்டும் என்றால் எப்படி? வேண்டுமானால் கூடப் பணம் கொடுத்து மேல் வகுப்பில் போகலாமே! கட்டணம் உயர்ந்தால் உங்கள் அறுபத்தெட்டு வயது அம்மாள் பேரனைப் பார்க்கவே போகமுடியாதே!"

இந்தப் பதிலில் சாரம் இருக்கிறது. கட்டணம் குறைந்திராவிட்டால் எத்தனையோ தாய்மார்கள் பேரக்குழந்தையின் முகத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். ஆகையால் கணக்காகவே பேசுவோம். ஒரு பேச்சுக்கு, பத்துப் பேர் வரிசையில் ஒவ்வொருவரும் 72,000 ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசனத்தை எடுத்துவிட்டு, அந்த நஷ்டத்தில் ஒரு காசுகூடக் கம்பெனி ஏற்காமல், மீதி ஒன்பது பேர் தலையிலேயே முழுவதையும் கட்டினாலும், ஒவ்வொருவருக்கும் 80,000 ரூபாய் ஆகிறது. எட்டாயிரம் ரூபாய் அதிகம். அது அற்பத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கும் நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆசனக் கட்டணம் என்றும், கால் நீட்டக் கட்டணம் என்றும் தனித்தனியாகக் கொடுக்கிறோம். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது, அடுத்தவரை நடுவே தள்ளும் உரிமை. விதியின்படி எல்லோரும் சேர்ந்து கொடுத்தால், நடு ஆசனமே ஒன்று குறையும். இரண்டில் எது நல்ல வியாபாரம் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மேல் வகுப்பில் போகலாமே என்பதற்கும் பதில் இருக்கிறது. அதை நம் ரயில்வேயின் சரித்திரமே சொல்லும். காந்தியடிகள் 1917-இல் மூன்றாம் வகுப்பு ரயில் பிரயாணத்தைப்பற்றிப் பத்திரிகைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. அதுவும் உட்கார மட்டும். அதற்கு மேலும் ஆட்களை அடைத்தார்கள். அந்தக் கடிதத்தில், பெட்டியின் எந்த மூலையில் உட்கார்ந்தால் காற்று வரும் என்று அவர் யோசனை சொல்லவில்லை. முதல் வகுப்புக்குப் போய்விடுங்கள் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பை மனிதர்கள் போகத் தக்கதாகச் செய்யுங்கள் என்று கேட்டார். அதற்குக் காலம் பிடித்தது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போயிற்று. 1977-இல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பில் படுக்கிறவர்களுக்கு வெறும் மரப்பலகை போதாது என்று இரண்டு அங்குல ரப்பர் மெத்தை போட ஏற்பாடு செய்தார். கோடிக்கணக்கான முதுகுகள் இன்றுவரை அந்த இரண்டு அங்குலத்தை அனுபவிக்கின்றன. பலகையில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் வலிக்காது என்று அவர் பிரயாணிகளுக்கு வகுப்பு நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னும் ஒன்று. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கும், காலி இருக்கும் வரையில், கேட்காவிட்டாலும்கூடக் கீழ்ப் படுக்கை ஒதுக்கும்படி நம் ரயில்வேயின் கம்பியூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கம்பியூட்டருக்கு வயது தெரியும் என்றால், இரக்கத்தையும் அதற்குக் கற்பிக்கலாம் என்பதற்கு இது சாட்சி. விமான டிக்கெட் வாங்கும்போதும் பிறந்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கி என்ன செய்கிறார்கள்?

குழந்தைகள் விஷயத்தில் நம் அரசாங்கம் ஓரளவு விழித்துக்கொண்டது. பணம் கட்டாத குடும்பங்களைப் பிரித்து, குழந்தையை ஒரு வரிசையிலும் பெற்றோரை வேறு வரிசையிலும் உட்கார வைத்த கூத்து நடந்துகொண்டிருந்தது. 2024 ஏப்ரலில், 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே டிக்கெட்டில் வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் பக்கத்திலாவது இடம் தரவேண்டும் என்று இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. தாயையும் சேயையும் சேர்த்து உட்கார வைக்க ஓர் உத்தரவு தேவைப்பட்டதே என்று வெட்கப்படலாம். உத்தரவு போட்டால் நடக்கிறது என்று தைரியமும் கொள்ளலாம். நான் இரண்டையும் செய்கிறேன்.

ஆசன அளவைப்பற்றியும் ஏன் உத்தரவு போடக் கூடாது? அமெரிக்காவில் 2018-இல் சட்டமே செய்தார்கள். பிரயாணிகளின் பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச ஆசன அளவுகளை ஒரு வருஷத்துக்குள் நிர்ணயிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குக் கட்டளை. கெடு கடந்தது. 2022-இல் பொதுஜன அபிப்பிராயம் கேட்டார்கள். 26,000-க்கு மேற்பட்டவர்கள் எழுதிப் போட்டார்கள். நிர்வாகத்தை முடுக்கிவிடும்படி கேட்ட வழக்கு 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. இடையே ஒரு பரீட்சையும் நடந்தது. ஆபத்து நேர்ந்தால் பாதி வழிகளைக் கொண்டே 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேறக்கூடிய விமானமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆசனங்களை நெருக்கிப் போட்டால் வெளியேறுவது தாமதமாகுமா என்று பார்க்க, ஓக்லஹோமா நகரில் 720 பேரை உட்கார வைத்துச் சோதித்தார்கள். தாமதம் ஒன்றுமில்லை என்று முடிவு கண்டார்கள். அந்த 720 பேரும் 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, திடகாத்திரமான மனிதர்கள்! குழந்தை இல்லை, கிழவர் இல்லை, ஊனமுற்றவர் இல்லை. முழங்கால் வலியோடு பேரனைப் பார்க்கப் போகும் பாட்டி அந்தப் பரீட்சைக்கு அழைக்கப்படவே இல்லை. அந்தச் சோதனையில் உட்கார்ந்தவர்களை வைத்து அவளுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுவது எந்த நியாயம்?

நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஆசனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் வாங்கும் முன்பே, வரிசைக்கு எத்தனை ஆசனம், முன்னும் பின்னும் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். பத்துப் போடும் கம்பெனியும் ஒன்பது போடும் கம்பெனியும் ஒரே கட்டணம் கேட்டால், ஒன்பது போடுகிறவனிடம் போங்கள். ஏன் போகிறீர்கள் என்பதை மற்றவனுக்கு எழுதிப் போடுங்கள். பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள், வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும், வழியோர ஆசனத்துக்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். நீங்களே வழியோரத்தில் உட்கார்ந்திருந்தால், நடுவே இருக்கும் முதியவரை இரண்டு மணிக்கு ஒரு முறை, "எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறீர்களா?" என்று நீங்களாகவே கேளுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஆனால் இவையெல்லாம் கைவைத்தியம். நோய்க்கு மருந்து சட்டத்தில்தான் இருக்கிறது. நீண்ட தூர விமானத்தில் ஓர் ஆசனத்தின் அகலமும் கால் வைக்கும் இடைவெளியும் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று அரசாங்கம் எழுதிவைக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்தவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் வழியோர ஆசனம் கட்டணமின்றி முதலில் ஒதுக்க வேண்டும். கோழிகளையும் ஆடுகளையும் வண்டியில் ஏற்றும்போது ஒரு பிராணிக்கு இவ்வளவு இடம் விடவேண்டும் என்று நம் தேசத்தில் விதி இருக்கிறது. மனிதனுக்கும் அப்படி ஒன்றைக் கேட்பது அதிகப்படியான ஆசை என்று யாராவது சொன்னால், அவரைப் பதினாறு மணி நேரம் நடு ஆசனத்தில் உட்காரவைத்து, அதன் பிறகு அபிப்பிராயம் கேட்க வேண்டும்.